பிரசார வேனில் ஏறும் மதுரைப் பேச்சு

தேர்தல் நேரத்தில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் வருகிற பிரசார வேனில் மைக் பிடிப்பவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி, பேச ஆரம்பித்த ஐந்து நிமிடத்துக்குள் 'எம்புட்டு', 'அங்கிட்டு', 'வெரசா' மூன்றும் வந்து விழுந்துவிடும். சென்னையில் பிறந்து கான்வென்ட்டில் படித்தவரும் "எம்புட்டுக் கூட்டம்! வெயில்ல அங்கிட்டும் இங்கிட்டும் நிக்கிறீக!" என்பார். விசில் பறக்கும். அந்த விசிலைக் கேட்டுவிட்டு, ஊர்ப்பேச்சு பேசினால் ஓட்டு விழும் என்று கணக்குப் போடுகிறவர்கள் கட்சிகளில் நிறைய இருக்கிறார்கள். கணக்கு தப்பு. இந்தப் பக்கத்துத் தேர்தல் வரலாறே அதற்குச் சாட்சி. மதுரைப் பேச்சு என்பது நாலு சொல்லும் இல்லை. அதன் உயிர் வினைச்சொல்லின் கடைசியில் இருக்கிறது, ஒருவரை முறை சொல்லிக் கூப்பிடுவதில் இருக்கிறது. வெளியாள் மாட்டிக்கொள்வதும் அந்த இரண்டு இடத்தில்தான்.

மேடையின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். மற்ற பல நாடுகளில் மேல்தட்டுத் தலைவர்கள் கீழே இறங்கிவந்து பாமரர் பேச்சைப் பேசிக் காட்டினார்கள். தமிழ்நாட்டில் நடந்தது நேர் எதிர். 1949-இல் தி.மு.க. பிறந்தபோது அண்ணாவும் அவரோடு கருணாநிதியும் மேடைக்குக் கொண்டுவந்தது அடுக்குமொழித் தமிழ். எதுகை, மோனை, குறள், சிலப்பதிகாரம். வீட்டில் யாருமே பேசாத தமிழ் அது. ஆனால் முடிதிருத்தும் கடையிலும் டீக்கடையிலும் படிப்பகத்திலும் உட்கார்ந்திருந்தவர்கள் அதைக் கேட்க ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்தார்கள். பண்டிதர் வீட்டுச் சொத்து என்று நினைத்திருந்த ஒன்றை 'இது உனக்கும் பாத்தியப்பட்டதுதான்' என்று எடுத்துக் கையில் கொடுத்ததைப் போன்ற பேச்சு. தலை நிமிரத்தானே செய்யும். மதுரையில் தங்கி மேடைப்பேச்சை ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் பெர்னார்ட் பேட் 2009-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விளக்கினார்: செந்தமிழ் மேடைப்பேச்சு பழங்காலத்திலிருந்து அப்படியே தொடர்ந்து வந்ததல்ல, திராவிட இயக்கத்தோடு மேடையேறிய புதுமை.

எதிர்முகாமில் காமராஜர். விருதுநகர்க்காரர். வீட்டில் பேசியதையே மேடையிலும் பேசினார். 'ஆகட்டும் பார்க்கலாம்' எப்போதும் அவர் வாயில் இருந்த சொல். பேச்சை 'ன்னேன்' என்று முடிப்பது அவருக்குப் பழக்கம். நடிப்பு என்று அதை யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் அவருக்கு வேறு பேச்சு கிடையாது. அந்தக் காமராஜர் 1967-இல் சொந்த ஊரிலேயே மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும்தான் அந்தத் தேர்தலின் பெரிய காரணங்கள், பேச்சுநடை அல்ல. ஆனாலும் ஊர்ப்பேச்சு ஒரு கவசம் என்று நினைப்பவர்கள் அந்த எண்ணை மறக்கக் கூடாது. கொச்சை கொச்சையாகவே மேடையில் பேசி, பிடிக்காததை எல்லாம் 'வெங்காயம்' என்று தள்ளிய இன்னொருவர் பெரியார். அவர் சட்டமன்றத் தேர்தலிலோ நாடாளுமன்றத் தேர்தலிலோ நின்று ஓட்டுக் கேட்டவர் இல்லை.

எம்.ஜி.ஆர். 1980-இல் மதுரை மேற்குத் தொகுதியில் நின்று ஜெயித்தார். ஜெயலலிதா ஆண்டிபட்டியில் 2002-இலும் 2006-இலும் ஜெயித்தார். இருவர் வாயிலிருந்தும் ஒரு 'அங்கிட்டு' வந்ததில்லை. ஜெயலலிதா எழுதிவைத்ததைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, நல்ல எழுத்துத்தமிழில் வாசித்தார். வைகைக் கரை ஜனங்கள் அதற்குக் கைதட்டி ஓட்டும் போட்டார்கள். 'நம்மைப் போலப் பேசவில்லையே' என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

அப்படியானால் ஊர்ப்பேச்சு மேடையில் எங்கே இருந்தது? தலைவர் வருவதற்கு முன்னால் பேசுகிறவர்களிடம் இருந்தது. தலைவர் வர மூன்று மணி நேரம் தாமதமானால் கூட்டத்தைக் கலையாமல் பிடித்துவைக்க வேண்டியது அவர்கள் வேலை. மதுரையில் தீப்பொறி ஆறுமுகம் அந்த வரிசையில் பெரிய பெயர். எதிர்க்கட்சிக்காரரை ஊர்ச்சாவடியில் உட்கார்ந்து வைகிற மாதிரி வைவார். தலைவர் சொல்ல முடியாததை அவர் சொல்வார், பிறகு தலைவர் வந்து செந்தமிழில் பேசுவார். இந்த வேலைப்பிரிவினை நெடுநாள் நடந்தது. கட்சிக்கு வெளியே, அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையா பட்டிமன்ற மேடையிலும் தொலைக்காட்சியிலும் மதுரைப் பேச்சையே நடுவர் மொழியாக்கினார். கம்பனைப் பற்றியும் இந்தப் பேச்சில் பேசலாம், அறிவு குறையாது என்று தமிழ்நாட்டுக்கே காட்டியது அது. பெரிய தலைவர்கள் தாங்களே வழக்குத்தமிழுக்கு இறங்கியதில் அந்தத் தொலைக்காட்சிப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. வரவேற்பறையில் ஒருவர் அடுக்குமொழியில் முழங்கினால் காது வலிக்கும்.

இனி பேச்சுக்குள் வருவோம். மதுரைத் தமிழ் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 'வந்தாய்ங்க, போனாய்ங்க'. இது எப்படி உண்டானது என்று பிரித்துப் பார்த்தால் எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பது தானாக விளங்கும். 'வந்தான்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் 'வந்தான்கள்'. வாய்வேகத்தில் 'வந்தான்ங்க'. நடுவில் இருக்கும் ன் கரைந்து, அதற்கு முன்னால் உள்ள ஆ மூக்கில் ஒலித்து, ஒரு ய் சாயல் ஏறினால் 'வந்தாய்ங்க'. அதாவது இதற்குள் ஒளிந்திருப்பது 'வந்தான்'. ஆண்பால், பன்மை, மரியாதை கிடையாது. கூட்டாளிகளைப் பற்றிச் சொல்லலாம். இளவட்டங்களைச் சொல்லலாம். எதிரியைச் சொல்லலாம். பெண்களைச் சொன்னால் 'வந்தாளுக', கொஞ்சம் மரியாதையாக 'வந்தாங்க', இன்னும் மரியாதையாக 'வந்தாக'. பெரியவர் ஒருவராக இருந்தாலும் 'வந்தாக'தான்.

சினிமாவைப் பார்த்துப் பேச்சைக் கற்றவருக்கு இந்த ஏணி தெரியாது. சினிமாவில் மதுரைப் பேச்சு பெரும்பாலும் சண்டைக்குப் போகிற இளைஞர்கள் வாயில் வருகிறது, அதனால் அவர் காதில் ஏறியதெல்லாம் 'ஆய்ங்க' ஒன்றுதான். மேடையில் நின்று "நம்ம தாய்மாருக எம்புட்டுக் கஷ்டப்படுறாய்ங்க" என்று உருகுவார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பாசம் காட்ட நினைத்த இடத்தில் 'அவன்கள்' என்று ஆண்பாலில், மரியாதையையும் எடுத்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். இதே தப்பை ஒற்றை ஆளுக்குச் செய்தால் இன்னும் மோசம். "கலெக்டர் வந்தாய்ங்க" என்று மதுரையில் எந்தக் குழந்தையும் சொல்லாது.

'புட்டு'வும் இப்படித்தான். 'விட்டு' என்பதன் மதுரை வடிவம்: சொல்லிப்புட்டேன், போயிப்புட்டான். இதில் ஒரு முடிவுத்தொனி உண்டு. கெட்ட காரியத்துக்கும் கைமீறிய காரியத்துக்கும் அழகாகப் பொருந்தும்: கெடுத்துப்புட்டாய்ங்க, தொலைச்சுப்புட்டேன். சாதனைப் பட்டியலில் போட்டால் இடிக்கும். "பள்ளிக்கூடம் கட்டிக் குடுத்துப்புட்டோம்" என்றால், தலையிலிருந்த பாரத்தை இறக்கிவைத்த மாதிரி, இனி நமக்கு அதில் வேலை இல்லை என்ற மாதிரி ஒலிக்கும். ஊர்க்காரர் 'கட்டிக் குடுத்துருக்கோம்' என்றுதான் சொல்வார். உச்சரிப்பிலும் ஓர் அடையாளம் உண்டு. மதுரைப் பேச்சில் பழம் 'பளம்', சோழவந்தான் 'சோளவந்தான்'. 'அங்கிட்டு', 'இம்புட்டு' என்று பேசிக்கொண்டே வந்தவர் சோழவந்தானுக்கு மட்டும் நாக்கை மடித்து ழகரத்தைச் சுத்தமாக உருட்டினால், மற்றதெல்லாம் காலையில் வேனில் ஏறும்போது மனப்பாடம் செய்தது என்று தெரிந்துவிடும்.

சொல்லையும் விகுதியையும் விடப் பெரிய பள்ளம் முறைப்பெயர். 'அண்ணே' பயமில்லாதது. 'அக்கா', 'ஆத்தா', 'தாயி', 'ஐயா' எல்லாம் பரவாயில்லை. 'அண்ணாச்சி' என்றால் மதுரையில் மளிகைக்கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். அது விருதுநகர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர்களுக்கு ஊர் கொடுத்த பெயர், எல்லோருக்கும் பொதுவானது இல்லை. மேலூர்ப் பக்கம் 'அம்பலம்' என்பது ஊரில் ஒரு பொறுப்பின் பெயர். ஆளைத் தெரியாமல் சொல்லக் கூடாது.

ஆனால் 'மாமா', 'மச்சான்', 'மாப்ள' ஒரு பக்கமும் 'பங்காளி', 'சித்தப்பு', 'பெரியப்பு' இன்னொரு பக்கமும் வேறு வகை. முதல் வரிசை, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற முறை. இரண்டாவது, ஒரே கொடிவழி. கிராமத்தில் எந்த வீட்டுக்கு எந்த முறை என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். அதே சாதியில் பிறந்த வேட்பாளர் தெருவில் கும்பிட்டுக்கொண்டு வரும்போது பக்கத்தில் நடக்கிற கிளைச் செயலாளர் காதில் சொல்லிக்கொண்டே வருவார்: 'இவர் உங்களுக்கு மாமன் முறை, அடுத்த வீடு பங்காளி.' மாற்றிச் சொல்லிவிட்டால் பங்காளி வீட்டில் சம்பந்தம் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

இது தெருவில் கும்பிடுகிற அளவில் இருந்தால் சொந்தக்காரர் விவகாரம். ஒலிபெருக்கிக்கு வந்தால் வேறு. "என் மாமன் மச்சான்களே, பங்காளிகளே" என்று வேனிலிருந்து கூப்பிடும்போது அந்தச் சத்தம் ஊர்த்தெருவோடு நிற்பதில்லை. தள்ளி இருக்கும் தலித் மக்களின் காலனிக்கும் கேட்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் அதே ஓட்டுச்சீட்டு, அதே பூத். அவரை இந்த ஊரில் யாரும் மாமன் என்றோ மச்சான் என்றோ கூப்பிட்டதில்லை. அந்த விளியில் தான் இல்லை என்பது அவருக்கு அந்த நொடியிலேயே தெரிகிறது. நட்பாகக் கருதி மேடையில் பேசப்படும் ஊர்ப்பேச்சு எத்தனை பேரை வெளியே நிறுத்துகிறது என்று கட்சிக்காரர்கள் யோசிப்பதே இல்லை.

அந்தத் தெருவுக்குள் வேன் போகும்போது இலக்கணமே மாறிவிடுகிறது. ஊர்த்தெருவில் "என்னப்பா, நல்லா இருக்கியா?" என்று வயசாளியின் தோளில் கை போட்டால் அது நெருக்கம். காலனியில் எழுபது வயதுக்காரரை அதே சொல்லால் கேட்டால் அது பழைய அவமானத்தின் தொடர்ச்சி. சின்னப் பையன்கள் கூடப் பெரியவரைப் பேர் சொல்லி, 'வா போ' என்று ஏவிய காலம் அவர் நினைவில் இருக்கிறது. அங்கே மரியாதை என்றால் 'வாங்கய்யா', 'உட்காருங்கம்மா' என்கிற முழு 'ங்க'தான். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் தனித்தொகுதியாக்கப்பட்ட பிறகு 1996-இலிருந்து பத்தாண்டுகள் அங்கே தலைவர் தேர்தல் முறையாக நடக்கவிடாமல் தடுக்கப்பட்டு, 2006-இல்தான் நடந்தது. அந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு 'எல்லாரும் நம்ம பயலுகதான்' என்று ஒரே வாளியில் எல்லாரையும் அள்ளக் கூடாது.

சட்டமும் இதைத் தொடாமல் இல்லை. மதம், இனம், சாதி, சமூகம், மொழி இவற்றின் பெயரால் ஓட்டுக் கேட்பதை 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு முறைகேடான செயலாக வைத்திருக்கிறது. வேட்பாளரின் சாதி மட்டும் இல்லை, வாக்காளரின் சாதியைச் சொல்லிக் கேட்டாலும் அது பொருந்தும் என்று ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஜனவரி 2 அன்று, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 'மாமன் மச்சான்' என்ற சொல்லில் எந்தச் சாதிப்பெயரும் இல்லை. சாதிப்பெயர் செய்யும் வேலையைச் சட்டத்தில் சிக்காமல் அது செய்துவிடுகிறது.

நகருக்குள் வந்தால் இன்னொரு சிக்கல். மதுரைக்காரர் எல்லாரும் வீட்டில் 'அங்கிட்டு இங்கிட்டு' பேசுகிறவர்கள் இல்லை. மகால் பகுதியிலும் காமராஜர் சாலைப் பக்கமும் சௌராஷ்டிரர் வீடுகளில் வீட்டுமொழி சௌராஷ்டிரம். மதுரைக் காந்தி என்று பெயரெடுத்த என்.எம்.ஆர். சுப்பராமன் அந்தச் சமூகத்தவர். ராவுத்தர் வீடுகளில் அப்பா 'அத்தா'. தெலுங்கு பேசும் நாயக்கர் வீடுகள் சுற்றுவட்டாரம் எங்கும் இருக்கின்றன. இவர்களெல்லாம் பல தலைமுறையாக மதுரைக்காரர்கள். மேற்கே கிராமத்தில் ஆண்கள் பேசுகிற ஒரு நடையை எடுத்து 'இதுதான் மதுரை' என்று மேடையில் வைத்தால் இவர்கள் கணக்கில் வருவதில்லை.

வேன் பேச்சு எப்படித் தயாராகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் இடத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம்தான். இறங்கியதும் ஒன்றியச் செயலாளர் ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பார். அதில் வேட்பாளர் பெயர், சின்னம், கூட்டணிக் கட்சி நிர்வாகிகள் பெயர், ஊர்க் கோயில் பெயர், ஊரின் பழைய கோரிக்கை ஒன்றிரண்டு இருக்கும். பேச்சு அநேகமாக ஒரே அமைப்பில் போகும். முதலில் 'அவர்களே, அவர்களே' என்று எழுத்துத்தமிழில் விளிப்பு. அடுத்தது கூட்டத்தைப் பார்த்து ஊர்ப்பேச்சில் நன்றி. பிறகு எதிர்க்கட்சியை 'ஆய்ங்க' போட்டு வசவு. அதன்பின் வாக்குறுதி, திரும்பவும் எழுத்துத்தமிழில். கடைசியில் சின்னத்தைச் சொல்லிக் கோஷம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் கடைசி ஊர்களில் நடுப்பகுதி எல்லாம் போய், கும்பிடு மட்டும் மிஞ்சும்.

சீட்டில் தப்பு வருவது பெரும்பாலும் ஊர்ப்பெயரில். பேரையூர் இந்த மாவட்டத்திலும் உண்டு, ராமநாதபுரம் மாவட்டத்திலும் உண்டு. சேடபட்டியைச் செட்டிபட்டி என்று வாசித்துவிட்டால், அதற்குப் பிறகு எத்தனை 'எம்புட்டு' போட்டாலும் ஒட்டாது.

அந்தப் பேச்சில் கூர்ந்து கேட்க வேண்டிய இடம், பேச்சுநடை மாறுகிற இடம். பாசமும் கோபமும் ஊர்ப்பேச்சில் வருகின்றன. திட்டமும் தொகையும் எழுத்துத்தமிழில் வருகின்றன. காரணம் எளிது. 'மகளிர் உரிமைத் தொகை' போன்ற பெயர்கள் அரசாணையில் எழுதும்போதே எழுத்துத்தமிழில் பிறந்தவை, அவற்றுக்கு ஊர்ப்பேச்சு வடிவம் இல்லை. ஆனால் இந்த இரண்டு நடையிலும் நழுவிப்போக வழி இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்தின் 58 கிராமக் கால்வாயை எடுத்துக்கொள்வோம். வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. மட்டம் போதிய உயரத்துக்கு ஏறினால்தான் அந்தக் கால்வாயில் தண்ணீர் பாயும். ஆகவே ஒவ்வொரு தேர்தலிலும் அது கோரிக்கையாக வந்து நிற்கிறது. எழுத்துத்தமிழில் வாக்குறுதி இப்படி வரும்: "இத்தொகுதி மக்களின் நீண்டநாள் கோரிக்கையான 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் திறக்க உரிய நடவடிக்கை எடுக்கப்படும்." யார் எடுப்பார் என்பது வாக்கியத்தில் இல்லை. ஊர்ப்பேச்சில் இப்படி வரும்: "58 கால்வாய்ல தண்ணி வரும்ல? வர வைப்போம்ல? பெறகென்ன!" ஆள் இருக்கிறார், எப்போது என்பது இல்லை. கேள்வியாகவே கேட்டு, பதிலைக் கூட்டத்தின் வாயிலிருந்தே வாங்கி, தான் ஒன்றும் சொல்லாமலே இறங்கிவிடலாம். 'பாத்துக்கலாம்ல', 'செஞ்சுருவோம்ல', 'நாங்க இருக்கோம்ல' என்று கடைசியில் வருகிற அந்த 'ல'தான் ஊர்ப்பேச்சு தருகிற மறைவிடம்.

ஊர்ப்பேச்சில் நேராகச் சொல்லவே முடியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. "அணை எத்தன அடி நெறஞ்சா 58 கால்வாயத் தெறக்கணும்னு மொத வருசமே ஆர்டர் போடுவோம்" என்பதும் மதுரைப் பேச்சுதான். அளவு, நாள், செய்கிறவர் மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. வயலில் கொத்து வேலைக்குக் கூலி பேசும்போதும், கிடாய்க்கு விலை பேசும்போதும் இந்தப் பேச்சு அவ்வளவு துல்லியமாகத்தான் இருக்கிறது. காமராஜரின் 'பார்க்கலாம்' ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்றால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் பள்ளிக்கூடமும் அணையும் வந்தன.

வெளியூர்த் தலைவர்களுக்கு மக்கள் வேறு தராசு வைத்திருக்கிறார்கள். 2021 ஜனவரி 14 அன்று ராகுல் காந்தி அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு பார்த்தார். அதே மாதம் கிராமத்துச் சமையல் காணொளி ஒன்றில் 'வெங்காயம், தயிர், கல்லுப்பு' என்று சொல்லிப் பழகினார். பிரதமர் மோடி அந்த ஏப்ரல் தொடக்கத்தில் வேட்டி கட்டி மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனார், மறுநாள் மதுரைப் பொதுக்கூட்டத்தில் 'வணக்கம்' சொல்லித் தொடங்கினார். உச்சரிப்பு பிசகினாலும் யாரும் குற்றம் சொல்வதில்லை. விருந்தாளி நம் வீட்டில் கையால் சாப்பிடப் பழகுவது போன்ற மரியாதை அது. 'நான் உங்களில் ஒருவன்' என்று அவர்கள் உரிமை கொண்டாடவில்லை. அப்படிக் கொண்டாடுகிற சென்னைத் தமிழருக்குத்தான் சோதனை கடுமையாகிறது. ஆஸ்திரேலியாவில் கெவின் ரட்டுக்கு நடந்தது இதுதான். சீன மொழி நன்றாகப் பேசத் தெரிந்த முன்னாள் தூதரக அதிகாரியான அவர், பிரதமராக இருந்த 2009-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் 'ஃபேர் ஷேக் ஆஃப் த சாஸ் பாட்டில்' என்று நாட்டு வழக்கில் பேசினார். மக்கள் வாயில் இருந்தது 'ஃபேர் சக்'. ஒரு சொல் மாறிப்போனதற்கு நாடே சிரித்தது. 'தாய்மாருக கஷ்டப்படுறாய்ங்க'வும் அதே பிசகுதான். சொல்லைக் கேட்டிருக்கிறார், பேசி வளரவில்லை.

உண்மையாகவே பேசி வளர்ந்தவர் பேசினால் ஓட்டு விழுமா? 2011-இல் அதற்கும் ஒரு பரீட்சை நடந்தது. மதுரைக்காரரான வடிவேலு தி.மு.க. கூட்டணிக்காக ஊர் ஊராகப் போய், அசல் மதுரைப் பேச்சில், அ.தி.மு.க. அணியில் இருந்த விஜயகாந்தைத் தாக்கிப் பேசினார். விஜயகாந்தும் மதுரைக்காரர், 2005-இல் தே.மு.தி.க.வைத் தொடங்கியதும் மதுரையில்தான். வடிவேலு போன இடமெல்லாம் கூட்டம் அலைமோதியது. முடிவு: அ.தி.மு.க. 150, தே.மு.தி.க. 29, தி.மு.க. 23. ஜனங்கள் வந்து கேட்டார்கள், சிரித்தார்கள், வேறு கணக்கில் ஓட்டுப் போட்டார்கள். பேச்சின் ருசிக்கும் ஆட்சியின் மேல் இருந்த கோபத்துக்கும் நடுவில் அவர்கள் குழம்பவே இல்லை.

2021-இல் உதயநிதி ஸ்டாலின் பிரசாரத்தில் தூக்கிக் காட்டிய செங்கல் இதற்கு மறுபக்கம். தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டி இரண்டு வருடம் ஆகியும் கட்டடம் எழும்பவில்லை என்பதைச் சொல்ல, அவர் வட்டார வழக்கைத் தேடிப் போகவில்லை. தனக்கு வருகிற சாதாரணப் பேச்சில் பேசி, செங்கலைத் தூக்கிப் பிடித்தார். அது பதிந்தது, ஏனென்றால் கேட்டவர் அந்த வழியாகப் பஸ்ஸில் போய் வெற்றிடத்தைக் கண்ணால் பார்த்தவர்.

2025 ஆகஸ்ட் 21 அன்று மதுரை பாரபத்தியில் நடந்த த.வெ.க. மாநாட்டில் விஜய் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலினை 'அங்கிள்' என்று விளித்ததைப் பலரும் மரியாதைக்குறைவு என்ற ஒரே கோணத்தில் பேசினார்கள். அந்தச் சொல்லின் வேறொரு தன்மையைக் கவனிக்க வேண்டும். 'அங்கிள்' மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. பெண் எடுக்கிற முறையா, பங்காளி முறையா என்ற கேள்வியே அதில் எழாது. இங்கிலீஷ் மீடியம் படிக்கிற பிள்ளை அப்பாவின் நண்பரை, எந்தச் சாதி என்று தெரியாமலே கூப்பிடுகிற சொல் அது. மதுரை மேடைகளில் முறைப்பெயர் சுமக்கிற சாதி எடையை யோசித்தால், கீழே நின்ற இளைஞர்கள் அந்தச் சொல்லை ஏன் தங்கள் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள் என்பது ஓரளவு விளங்கும். வயதில் மூத்தவரைச் சீண்டும் தொனி அதில் இருந்ததும் உண்மை.

இதில் வேதனையான விஷயம் ஒன்று இருக்கிறது. மேடையும் சினிமாவும் சேர்ந்து மதுரைப் பேச்சை இரண்டே காரியத்துக்கு வைத்துக்கொண்டன: மிரட்ட, சிரிக்கவைக்க. அந்தப் பேச்சில் பட்ஜெட்டை விளக்கிய மேடை அபூர்வம். கால்வாய் மதகின் அளவைச் சொன்ன மேடையும் அபூர்வம். அதனால்தான் இங்கிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ நேர்காணலுக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள், 'அங்க போயி இங்கன பேசுற மாதிரி பேசிப்புடாத' என்று. தலைவர் வந்து பெருமையாகப் பேசிவிட்டுப் போன அதே பேச்சுதான்.

திங்கட்கிழமை காலையில் மதுரை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். வெளியே மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரு பெண் குனிந்து சொல்வார்: "தண்ணி வந்து எம்புட்டு நாளாச்சுய்யா. அங்கிட்டு ரெண்டு தெரு தள்ளிப் போயித்தேன் தூக்கியாரோம்." எழுதுகிறவர் பேனாவை எடுத்து எழுதுவார்: "எங்கள் பகுதியில் கடந்த பல நாட்களாகக் குடிநீர் விநியோகம் முற்றிலும் தடைப்பட்டுள்ளதால் பொதுமக்களாகிய நாங்கள் மிகுந்த சிரமத்திற்கு உள்ளாகி வருகிறோம் என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் சமர்ப்பிக்கின்றேன்." அந்தப் பெண் முந்தானையில் முடிந்த காசை அவிழ்த்து அவருக்குக் கொடுத்துவிட்டு, தான் சொன்னதுதான் அதில் இருக்கிறதா என்று தெரியாமலே கையெழுத்துப் போடுவார்.